படிக்கட்டுக்கு அனுமதி தேவையில்லை

நிலம் என்றால் சமமாக இருக்க வேண்டும் என்பது மனை அனுமதித் துறையின் அசையாத கொள்கை. அந்தத் துறை தொடங்கப்படுவதற்கு முன்பே மலைகள் வந்து உட்கார்ந்துவிட்டதால் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் துறைக்கு இன்றுவரை உண்டு.

சலவைக்கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மனையைத்தான் வாங்கியிருப்பார். அவர் கையில் இருந்த பணத்துக்கு அதுதான் கிடைத்தது. மேல் தெருவிலிருந்து கீழ்த் தெருவுக்கு இறங்கும் சரிவு. மேலே நின்று பலமாகத் தும்மினால் மூக்குக்கண்ணாடியைக் கீழ்த் தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். ஆனால் மேல் முனையில் நின்றால் ஊரே காலடியில் விரிந்து கிடந்தது. காற்று யாரையும் கேட்காமல் வந்தது. பல வருடமாக நீராவிக்கு நடுவில் நின்று அடுத்தவர் சட்டைகளின் சுருக்கத்தை எடுத்தவருக்கு அந்தக் காற்று போதும் என்று தோன்றிவிட்டது.

"ஏங்க, இதுல வீடு கட்டினா பால் பொங்கினாக்கூட ஒரே பக்கமா வழியும்" என்றாள் மனைவி. அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவர் ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் ஒன்றைக் கேட்டால் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், நனைத்து, அலசி, காயப்போட்டு, தேய்த்து, மடித்துக் கொண்டுவருவதற்குள் கேட்டவர் வேறு ஊருக்குக் குடிபோயிருப்பார். திருமணமான புதிதில் இதற்காக அழுத மனைவி, பிறகு கேள்வியையும் பதிலையும் தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

"சரி, வழியட்டும். துடைச்சுக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வரைபடம் போட்டதும் அவள்தான். கடையிலிருந்து மூன்று காலி சோப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து, சாய்த்து வைத்த பலகையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கினாள். மேலே கூடம். அதற்குக் கீழே சமையலறை. அதற்கும் கீழே படுக்கையறை, மகளுக்கு ஒரு ஜன்னலோடு. வீடு சரிவோடு சண்டை போடாமல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். மேஸ்திரி பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, "கட்டிடலாம்க்கா. காசும் சரியா இருக்கும். ஆனா ஒண்ணு, நடுவுல மனசு மாறி ஒரு செங்கல்கூட இடம் மாத்தக் கூடாது" என்றார்.

சேர்த்த பணம் ஒரு வீட்டுக்குப் போதும். ஒரே ஒரு வீட்டுக்கு. ஒரு தவறுக்குக்கூட அதில் இடமில்லை. நேரமும் அப்படித்தான். குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதென்றும், மழைக்காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டுமென்றும் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் மாற்ற முடியாது என்று புரிந்தது.

விண்ணப்பித்தார்கள். துறையிலிருந்து உருளல் ஆய்வாளர் வந்தார்.

ஜீப்பிலிருந்து அவரோடு இரண்டு உதவியாளர்கள் இறங்கினார்கள். ஒருவர் வைப்பவர், இன்னொருவர் எடுப்பவர். ஆய்வாளர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் துணியில் எலுமிச்சை அளவுக்கு ஓர் எஃகு உருண்டை இருந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு உதவியாளர்களும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்கள்.

"உருண்டை வைக்கிறப்ப யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் ஆய்வாளர். "மூச்சுக் காத்துல உருண்டுச்சுன்னு ஒருத்தர் வழக்கே போட்டிருக்கார்."

சரிவில் அவர் நின்ற விதம் அழகாக இருந்தது. வலது தோள் சற்றுத் தாழ, உடம்பு ஒருக்களித்து, பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பவர் போல. வேடிக்கை பார்க்க வந்த மனைவியின் தம்பிதான் நிற்க முடியாமல் சறுக்கிச் சறுக்கி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வைப்பவர் வைத்தார். உருண்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு புறப்பட்டது. புல்லைத் தாண்டி, ஒரு கல்லில் மோதி எகிறி, கீழ்த் தெருவைக் குறுக்கே கடந்து புதருக்குள் போய் மறைந்தது. எடுப்பவர் பின்னாலேயே ஓடினார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

"உருண்டுடுச்சு" என்றார் ஆய்வாளர், ஒரு மரணத்தை அறிவிப்பதுபோல.

"சார், சரிவுல வச்சா உருளாம பின்ன பறக்குமா?" என்றான் மைத்துனன்.

"சரிவுன்னு நீங்க சொல்றீங்க தம்பி. அந்த வார்த்தையே எங்க விதியில கிடையாது. நிலம் ரெண்டு வகை. ஒண்ணு, சமமான நிலம். இன்னொண்ணு, இனிமே சமமாகப்போற நிலம். உங்களுது ரெண்டாவது."

"எப்ப சார் ஆகும்?"

"அது உங்க ஆர்வத்தைப் பொறுத்தது."

எடுப்பவர் வெறுங்கையோடு, முழங்காலில் முள்ளோடு வந்து சேர்ந்தார். உருண்டையின் விலையும் அவர் முழங்காலுக்கான மருந்துச் செலவும் மனைக்காரர் கணக்கில் எழுதப்பட்டன.

ஆர்வம் என்றால் என்ன என்று மேஸ்திரி விளக்கினார். கீழ்ப் பக்கம் உயரமாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். மேல் தெரு மட்டம் வரைக்கும் மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும். "கையில இருக்கிற காசு மொத்தமும் சுவருக்கும் மண்ணுக்குமே போயிடும்ண்ணே. அப்புறம் நடுவுல குடையை நட்டு வச்சு உக்காந்துக்க வேண்டியதுதான்."

"நல்லதுதான். பொண்ணு பந்து விளையாட மைதானம் ஆச்சு" என்றாள் மனைவி. அவள் கேலி பேசினால் கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் கணவன், மனைவி, மைத்துனன் மூவரும் துறைக்குப் போனார்கள்.

துறையின் தலைமை அலுவலகம் ஒரு சரிவில் நின்றது. கட்டடமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் மண் இறங்கி நாளாகிவிட்டது என்பது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அறிவிக்கப்படவில்லை. மேசைகளின் கீழ்ப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்திருந்தார்கள். மனுதாரர்கள் உட்காரும் நாற்காலிகள் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. எல்லா ஊழியர்களும் வலது தோளைத் தாழ்த்தி, காற்றில் எதன் மேலோ சாய்ந்தவர்கள் மாதிரி நடந்தார்கள். குமாஸ்தாவின் தேநீர்க் கோப்பை மேசையில் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அவர் தலை நிமிராமல் கையை நீட்டி அதைப் பிடித்து, மேலே வைத்து, எழுதுவதைத் தொடர்ந்தார்.

"சார், உங்க ஆபீசே சாஞ்சிருக்கே" என்றான் மைத்துனன்.

"சாயல. கொஞ்சம் ஓய்வா நிக்குது" என்றார் குமாஸ்தா. "உங்க விஷயம் என்ன? தடுப்புச் சுவரா? ஆள் உயரத்துக்கு மேல போனா அது கட்டடம். கட்டடத்துக்கு அனுமதி வேணும். அனுமதி சமமான நிலத்துக்குத்தான் தருவோம்."

"சுவர் கட்டினாத்தானே சார் நிலம் சமமாகும்?"

"ஆமா."

"நிலம் சமமானாத்தானே சுவர் கட்ட விடுவீங்க?"

"அதேதான். டக்குன்னு பிடிச்சுட்டீங்களே! சில பேருக்கு இது புரியவே வருஷக்கணக்காகும்." அவர் முகத்தில் உண்மையான பாராட்டு தெரிந்தது. கோப்பை மறுபடி நகர்ந்தது. பிடித்தார். "இதுக்கு மேல ஆணையர்தான் விசாரிக்கணும்."

விசாரணைக்குத் தேதி வருவதற்குள் வாடகை வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பிவிட்டார். குடியிருக்கும்போதே அடித்தார்கள். கூடத்தில் இவர்கள் உட்கார்ந்திருந்த பாதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற பாதி வெளுத்தது. புது மருமகளின் கட்டில் நுழையுமா என்று இரண்டு பேர் படுக்கையறை வாசலை அளந்தார்கள். அந்தக் கட்டிலுக்குத் தன் கட்டிலை நகர்த்திக் காட்டச் சொன்னபோது மகள், "அப்பா, நம்ம எங்கப்பா போறோம்?" என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்வியையும் உள்ளே எடுத்துக்கொண்டார். அது காயவே இல்லை.

"இங்க பாருங்க" என்றாள் மனைவி, விசாரணைக்குக் கிளம்பும் காலையில் அவர் காலரைச் சரிசெய்தபடி. "எனக்கு டியூட்டி இருக்கு, வர முடியாது. அங்க போயும் கல்லு மாதிரி உக்காந்திருக்காதீங்க. அழுங்க, கத்துங்க, என்னமோ ஒண்ணு பண்ணுங்க. வாயைத் திறந்தா முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது."

அவர் தலையாட்டினார். பேச வேண்டும் என்றுதான் போனார்.

ஆணையரின் அறை, கட்டடத்தின் மேல்பக்கக் கோடியில் இருந்தது. மனுதாரர் கீழ்க்கோடியில் கயிற்று நாற்காலியில் உட்கார வேண்டும். ஆணையர் பேசுவதெல்லாம் ஆணை என்பதால், ஓர் ஊழியர் மூலையில் அமர்ந்து அவர் இருமலைக்கூட விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று ஆணையர் தொடங்கினார். "ஆனா ஒருத்தர் வீடு மேல, இன்னொருத்தர் வீடு கீழன்னு இருந்தா நாட்டுல ஒழுங்கு எப்படி வரும்? எல்லாரும் ஒரே மட்டத்துல இருக்கணும். அதுதான் என் கனவு. என் வீடு குன்று மேல இருக்கேன்னு சில பேர் கேக்குறாங்க. கேக்கட்டும். வீடு உயரத்துல இருந்தாலும் நான் மனசளவுல எல்லாரோடயும் சமமாத்தான் இருக்கேன். அந்த உயரத்துலேர்ந்து பாத்தாத்தான் எல்லாரும் சமமாத் தெரியுறாங்க."

சலவைக்கடைக்காரர் சொல்ல வேண்டியதை உள்ளே அலசிக்கொண்டிருந்தார்.

"நாங்க பாரபட்சம் பாக்குறதில்ல. போன வருஷம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுமதி கொடுத்தோம். செங்குத்துப் பாறை. அங்க உருண்டை உருண்டுச்சா? உருளலையே! ஏன்? ஹோட்டல் முதலாளி ஆய்வு முடியுற வரைக்கும் அதைத் தன் கையிலயே பிடிச்சுக்கிட்டார். அந்த மாதிரி ஒரு ஒத்துழைப்பு பொதுமக்கள்கிட்ட வரணும்."

சலவைக்கடைக்காரர் இன்னும் பிழிந்துகொண்டிருந்தார். மகளின் கேள்வி முதலில் வர வேண்டுமா, மேஸ்திரியின் கணக்கு முதலில் வர வேண்டுமா என்று தெரியவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அழுதிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், காலில் விழப்போய்க் கயிறு தடுக்கி மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் பேசாமல் இருந்ததில்லை. ஆணையர் பேனாவை எடுத்தார், வைத்தார். அது உருண்டது. தண்ணீர் குடித்தார். இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கும் ஆளுக்கு மேலிடத்தில் யாரோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

"நாங்க இரக்கம் இல்லாதவங்கன்னு நினைச்சுடாதீங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "அனுமதியே தேவைப்படாத விஷயம் எவ்வளவோ இருக்கு. நாய்க்கூண்டு கட்டிக்கலாம். கொடிக்கம்பம் நடலாம். படிக்கட்டு கட்டலாம்."

சலவைக்கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான் செய்தார்.

ஆணையர் அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். "நிஜமாத்தான் சொல்றேன்! படிக்கட்டுக்கு யாரும் எங்ககிட்ட வர வேண்டியதில்ல. அகலமா? எவ்வளவு வேணாலும் வச்சுக்கங்க, வரம்பே இல்ல. நடுவுல நின்னு போறதுக்கு மேடை வேணுமா? தாராளமா. மழை, வெயில் இருக்கு, மேல கூரை போட்டுக்கங்க. குழந்தைங்க விழுந்துடக் கூடாது, பக்கத்துல சுவர் வைக்கணும். மூச்சு முட்டக் கூடாது, அதனால ஜன்னல். ஏறிக் களைச்சவங்களுக்குத் தண்ணிக் குழாய். இதெல்லாம் நாங்க தடுத்தோம்னு ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்!"

மூலையில் இருந்த ஊழியர் எல்லாவற்றையும் எழுதினார். ஆணையர் கையெழுத்திட்டு, பிரதி ஒன்றைத் தானே எழுந்து வந்து கொடுத்தார். வலது தோள் தாழ நடந்து வந்து, கையைக் குலுக்கி, "உங்களோட பேசினது ரொம்ப சந்தோஷம்" என்றார்.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "பேசினீங்களா?"

"இல்ல."

அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"படிக்கட்டு கட்டலாம்" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவனையும், பாதி வெளுத்த சுவர் ஓரத்தில் பலகையில் இன்னும் கலையாமல் அடுக்கியிருந்த சோப்புப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரதியை வாங்கிப் படித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், தம்பி ஓடிவந்து தண்ணீர் கொடுக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"கேட்டுக்கடா," என்றாள், "மூணே மூணு படி. ஒவ்வொரு படியும் ஒரு ரூம் அகலம்."

மேஸ்திரி தயங்கினார். "வீடு கட்டிப் பழகின கைண்ணே. திடீர்னு படிக்கட்டுன்னா நடுங்குது" என்றார். ஆனாலும் கட்டினார். போகிற வருகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

"என்ன, வீடு கட்டுறீங்களா?"

"வீடா? யார் சொன்னா? படிக்கட்டு."

"கதவு வைக்கிறீங்க?"

"காத்துல படி பறந்துடக் கூடாதுல்ல?"

கீழ்ப்பக்க அஸ்திவாரத்துக்குக் கல் தேடிப் போனபோது புதருக்குள் எஃகு உருண்டை கிடைத்தது. மேஸ்திரி அதை மகளிடம் கொடுத்தார். இடித்த கட்டடங்களிலிருந்து பழைய ஜன்னல்கள் வந்தன. ஒன்றுகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை. கடையின் பழைய தேய்ப்பு மேசை சமையல் மேடையானது. கடைசிச் சுவருக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. பூச்சில்லாமல் செங்கல் அப்படியே தெரிந்தது. "இருக்கட்டும். படிக்கட்டுக்கு எதுக்குப் பவுடர்?" என்றாள் மனைவி. முதல் மழைக்கு முன்னால் குடிவந்தார்கள். பால் பொங்கியபோது எல்லாப் பக்கமும் சமமாக வழிந்தது.

ஜீப்புகள் அதற்குப் பிறகுதான் வந்தன. முதல் ஜீப்பில் ஆணையரும், அவர் பேசுவதை எழுதும் ஊழியரும். இரண்டாவதில் உருளல் ஆய்வாளர், வைப்பவர், எடுப்பவர். மூன்றாவதில் சம்மட்டிகளோடு ஆட்கள்.

சம்மட்டியைப் பார்த்ததும் மகள் படுக்கையறைக்கு ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சலவைக்கடைக்காரர் மேல் வாசலில் நின்றார். மனைவி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் ஆணையர்.

"படிக்கட்டு சார்."

"அடுப்பு எரியுதே?"

"படி ஏறினா பசிக்காதா?"

"கட்டில் தெரியுது!"

"களைச்சவங்க ஓய்வெடுக்க. நீங்களே மேடைக்குத் தாராளமான்னு சொன்னீங்களே." பிரதியை நீட்டினாள்.

ஆணையர் தன் கையெழுத்தைத் தானே நீண்ட நேரம் பார்த்தார். "படிக்கட்டுன்னா இடிக்க முடியாது. விதி இடம் கொடுக்காது" என்று ஆட்களிடம் திரும்பினார். "ஆனா வீடுன்னா இடிக்கலாம். நான் உள்ள போய்ப் பாக்குறேன். எனக்கு ஒரே ஒரு நிமிஷம் வீடு மாதிரி தோணினாப் போதும். தயாரா இருங்க."

சம்மட்டிகள் தோளுக்கு ஏறின.

ஆய்வாளர் மட்டும் தயங்கினார். புது உருண்டை இன்னும் ஒதுக்கப்படவில்லை. கீழே ஜன்னலில் நின்ற மகள் என்ன நினைத்தாளோ, மேலே ஏறி வந்து, "இதைத்தானே தேடினீங்க?" என்று கையை நீட்டினாள். ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. வைப்பவர் பொத்தானைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவில் உருண்டையை வைத்தார். எடுப்பவர் எதிர்க்கோடியில் குந்தி, இரண்டு கைகளையும் குவித்துக் காத்திருந்தார்.

உருண்டை நின்றது.

தன் பணிக்காலத்தில் ஆய்வாளர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, வழக்கம்போல வலது தோளைத் தாழ்த்தி, காற்றில் சாய்ந்தார். அங்கே சாய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். தூக்கப்போன வைப்பவர் அவர் மேல் விழுந்தார். எடுப்பவர் எழுந்தார், உடனே உட்கார்ந்தார்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்று ஆணையர் வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். வலது தோள் தாழ்ந்தது. தரை தாழவில்லை. இரண்டு அடி பக்கமாகப் போய், சமையலறைக்கு இறங்கும் வழியோரச் சுவரில் மோதி, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். கால் எங்கே வைத்தாலும் தரை அங்கேயே இருந்தது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

"சார், வீடு மாதிரி தோணுதா?" வெளியிலிருந்து சம்மட்டிக்காரர்கள் கேட்டார்கள்.

மனைவி கணவனின் கையைப் பிடித்தாள். மகள் மூச்சு விடவில்லை.

"வீடா?" ஆணையர் கத்தினார். "இதுவா வீடு? வீடுன்னா மனுஷன் நிக்க முடியணும்யா! இதுல நிக்கவே முடியல! எழுதிக்கங்க. மனுஷன் நிக்க முடியாத இடம் வீடு ஆகாது. இது படிக்கட்டு. சந்தேகமே இல்லாம படிக்கட்டு. யாராவது என்னை முதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க!"

ஊழியர் எழுதினார். மூன்றாவது ஜீப் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

சலவைக்கடைக்காரர் கூடத்தைக் கடந்து போய் ஆணையரின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவர் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். அத்தனை நாளாக உள்ளே அலசி, பிழிந்து, காயப்போட்டு வைத்திருந்தது இப்போது மடிப்புக் கலையாமல் தானாக வந்தது.

"பாத்து வாங்க சார்" என்றார். "இங்க எல்லாம் சமமா இருக்கும்."

வாசலுக்கு வெளியே சரிவில் கால் பட்டதும் ஆணையர் நேராக நின்றார்.